வெந்நீர் ஊற்றில் மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு: கடிதம் முதல் தட்டு வரை

வெந்நீர் ஊற்றில் வாழும் நுண்ணுயிர்களை ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்களுக்காகவும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். மலேசியாவில் பேராக் மாநிலத்தின் தெற்கில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்தில் வளர்ந்தவள் நான். வீட்டிலிருந்து மோட்டாரில் இருபது நிமிடத் தொலைவில் கொதிக்கும் ஊற்று ஒன்று இருக்கும்போது இறுதியாண்டு ஆய்வுக்கு வேறு தலைப்பு எதற்கு என்று எண்ணித்தான் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய வேலை எட்டு மாதம் இழுத்தது. முதல் முறை எடுத்த நீரை, அனுமதிக் கடிதம் இல்லாததால் ஆய்வேட்டில் சேர்க்க முடியவில்லை. இரண்டாம் முறை எடுத்த நீரில் ஒன்றுமே வளரவில்லை. மூன்றாம் முறை வளர்ந்தது. ஆனால் படம் எடுப்பதற்குள் நுண்ணுயிர் வளர்த்த அகர்த் தட்டு காய்ந்து அப்பளமாகிவிட்டது. நான்காம் முறைதான் கைகூடியது.

சாதாரண நுண்ணுயிரியல் வகுப்பில் பழகிய பழக்கங்களில் பாதி இங்கே உதவாது என்பதை மட்டும் முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியைப் பனிக்கட்டியில் வை, குப்பியை விளிம்பு வரை நிரப்பு, 37 பாகை செல்சியஸில் வளர் என்று கை தானாகச் செய்யும் மூன்றும் எனக்கு ஆளுக்கொரு மாதத்தைத் தின்றன.

1. ஊற்றைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நிலம் யாருடையது என்று விசாரியுங்கள்

தீபகற்ப மலேசியாவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பஞ்சமில்லை. பேராக்கில் சுங்கை கிளா, உலு சிலிம், சிலாங்கூரில் கெர்லிங், டுசுன் துவா, செலாயாங், மலாக்காவில் காடேக், நெகிரி செம்பிலானில் பெடாஸ் என்று பெயர் தெரிந்தவையே பல. சுங்கை கிளாவில் சுற்றுலாப் பயணிகள் கூடையில் முட்டையை வைத்து ஊற்று நீரிலேயே அவித்துச் சாப்பிடுவார்கள் என்பதிலிருந்து சூட்டை ஊகித்துக்கொள்ளலாம். இவை எரிமலையால் சூடாகும் ஊற்றுகள் அல்ல. மழைநீர் கருங்கல் பாறையின் பிளவுகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகி மேலே திரும்புகிறது. இதனால் நம் ஊற்றுகளில் பெரும்பாலானவை நடுநிலையாகவோ சற்றே காரத்தன்மையுடனோ இருக்கும். எரிமலைப் பகுதிகளின் அமில ஊற்றுகளைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, அமிலம் விரும்பும் நுண்ணுயிர்களைத் தேடப்போவதாக முன்மொழிவு எழுதாதீர்கள். நான் எழுதி, முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் திரும்பப் பெற்றேன்.

சிமெண்டு பூசிய குளியல் குளங்களிலிருந்தும் எடுக்க வேண்டாம். சவர்க்காரமும் குளிப்பவர்களின் தோலிலிருந்து வரும் நுண்ணுயிர்களும் கலந்த நீர் அது. ஊற்று பீறிடும் வாயும் அங்கிருந்து ஓடும் ஓடையுமே உங்களுக்கு வேண்டியவை.

அடுத்து, அந்த வாய் யாருடைய நிலத்தில் இருக்கிறது என்பது. தோட்ட நிறுவனத்தின் நிலம், மாநில அரசின் நிலம் அல்லது காப்புக்காடு, பூர்வகுடி மக்களின் கிராமம், கட்டணம் வாங்கும் சுற்றுலா மையம் என ஒவ்வொன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. பக்கத்து வீட்டு மாமா சொன்னதை நம்பி, நான் போன ஊற்று தோட்டத்துக்குச் சொந்தமானது என்று நினைத்திருந்தேன். நில அலுவலகத்தில் வரைபடத்தைப் பார்த்தபோது ஊற்றின் வாய் தோட்டத்துக்குள்ளும், ஓடையின் அக்கரை மாநில நிலத்திலும் இருந்தது. இரண்டு இடத்துக்கும் எழுத வேண்டியதாயிற்று. இந்த விசாரிப்புக்கு ஒரு காலைப்பொழுது போதும். அதை விட்டுவிட்டால் பிறகு மூன்று வாரம் போகும்.

2. காகிதங்கள்: வேலையில் பாதி இதுதான்

2017-ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டு 2020 டிசம்பர் 18-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 795-ஆம் எண் சட்டம், நம் நாட்டின் உயிரியல் வளங்களை யார், எதற்காக எடுக்கலாம் என்பதை ஒழுங்குபடுத்துகிறது. உயிரியல் வளம் என்றால் புலியும் மூலிகையும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். நுண்ணுயிர்களும் அதில் அடக்கம். கரண்டி அளவு சேற்றை எடுத்து அதிலுள்ள பாக்டீரியாவை ஆராய்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வளத்தை அணுகுவதுதான்.

வணிக நோக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பாதை, படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் எடுப்பவர்களுக்கு வேறு பாதை என்று இந்தச் சட்டம் பிரிக்கிறது. உங்கள் ஆய்வு படிப்புக்கு மட்டும் என்றால் அதை முதல் கடிதத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். முன்மொழிவுக்குக் கனம் சேர்க்க வேண்டும் என்று, “இந்த நொதி எதிர்காலத்தில் தொழில்துறைக்குப் பயன்படலாம்” என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த ஒரு வரி உங்கள் விண்ணப்பத்தை வணிகப் பாதைக்குத் தள்ளிவிடக்கூடும். அங்கே பயனைப் பகிர்ந்துகொள்ளும் ஒப்பந்தம் வரை பேச வேண்டியிருக்கும். அது வீண் கற்பனை என்று சொல்ல மாட்டேன். வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மஸ் அக்குவாட்டிக்கஸ் என்ற பாக்டீரியாவின் நொதிதான் டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் சோதனைகளை உலகெங்கும் ஓட்டியது. ஆனால் இளங்கலை ஆய்வேட்டில் அந்தக் கனவுக்கு இடம் தேட வேண்டாம்.

விண்ணப்பத்தை மைஏபிஎஸ் என்ற இணைய அமைப்பின் வழியாகச் செய்யலாம். முடிவெடுக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வேறு துறையிடம் இருப்பதால், உங்கள் கல்விக்கூடத்தின் ஆய்வு நிர்வாகப் பிரிவைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மாணவர் தனியாக விண்ணப்பிப்பதைவிட மேற்பார்வையாளரின் பெயரும் கல்விக்கூடத்தின் முத்திரையும் சேர்ந்து போவதே நல்லது. நான் ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தவை இவை: ஆய்வு முன்மொழிவு, மேற்பார்வையாளரின் கடிதம், கல்விக்கூடத்தின் உறுதிக் கடிதம், அடையாள அட்டை நகல், இடத்தின் ஆயத்தொலைவுகளுடன் கூடிய வரைபடம், எடுக்கப்போகும் அளவு, ஆய்வுக்குப் பின் மாதிரி என்ன ஆகும் என்ற ஒரு பத்தி, வணிக நோக்கம் இல்லை என்ற சத்தியப் பிரமாணம். கடைசியில் சொன்னதைப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட வேண்டும். நகரத்துக் கடைவரிசையில் மாடியில் ‘பெசுருஜாயா சும்பா’ என்று பலகை தொங்கும். பத்து வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன், பத்து நிமிடத்தில் முடிந்தது. வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அவர் முன்னால் போட்டால்தான் செல்லும்.

அளவைப் பற்றி ஒரு சொல். ‘சிறிதளவு’ என்று எழுதினால் திருப்பி அனுப்புவார்கள். ‘ஐந்து இடங்களில், இடத்துக்கு 50 மில்லிலிட்டர் நீரும் 5 கிராம் படிவும்’ என்று எழுதுங்கள். தேவைக்குச் சற்று அதிகமாகவே கேட்டு வையுங்கள். இரண்டாம் முறை போக நேர்ந்தால் புதிய விண்ணப்பம் போட வேண்டியிராது.

பூர்வகுடி மக்களின் நிலம் என்றால் அவர்களின் முன் சம்மதம் வேண்டும். அதைச் சடங்காக எண்ணிக் கடைசி நாளில் கேட்கப் போகாதீர்கள். முதலில் கிராமத் தலைவரான தோக் பாத்தினைப் பார்த்து, உட்கார்ந்து, என்ன எடுக்கிறோம், ஏன் எடுக்கிறோம் என்று மலாயில் எளிமையாகச் சொல்லிவிட்டு, மறுபடி வருகிறோம் என்று எழுந்து வருவதே முறை. சம்மதம் இரண்டாவது சந்திப்பில் வரட்டும்.

தோட்டத்தைப் பொறுத்தவரை, மேனேஜருக்கு எழுதும் கடிதம் ஆபீசுக்குப் போய்க் கிராணியின் (எழுத்தர்) மேசையில்தான் முதலில் இறங்கும். நான் இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்காக மூன்று வாரம் காத்திருந்தேன். அப்பா கேட்டுவிட்டு, “நேரில் போய்க் கொடும்மா, காலையில் பெரட்டு முடிந்த பிறகு போ” என்றார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் கூட்டம். ஏழரை மணிக்குப் போனேன். கிராணி ஐயா கடிதத்தைப் படித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “வெந்து போனால் யார் பொறுப்பு?” என்பது. அந்தக் கேள்விக்கு என் கடிதத்தில் பதில் இல்லை. விபத்துக்குத் தோட்ட நிர்வாகம் பொறுப்பாகாது என்ற உறுதிமொழியையும், கல்விக்கூடத்தின் மாணவர் காப்புறுதி நகலையும் சேர்த்துக் கொடுத்த மறுவாரம் சூராட் (அனுமதிக் கடிதம்) கையில் கிடைத்தது. நீங்கள் முதல் நாளே சேர்த்துவிடுங்கள்.

மொத்தத்தில் எனக்குக் காகித வேலைக்கு மட்டும் பதினொரு வாரம் ஆயிற்று. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஆறு மாதத்துக்கு முன் முதல் கடிதம் போயிருக்க வேண்டும்.

3. நாளும் துணையும்

பேராக்கில் மாலை இடிமழையை நம்ப முடியாது. பலத்த மழைக்கு மறுநாள் போனால் ஓடை நீர் கலந்து சூடு இறங்கியிருக்கும், அளவுகள் எல்லாம் பிசகும். இரண்டு மூன்று நாள் மழை இல்லாத பிறகு, காலை எட்டு மணிக்கு இடத்தில் இருங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒருவர் நீர் எடுக்க, ஒருவர் எழுத, ஒருவர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருக்க என்று மூவர் இருந்தால் நல்லது. அந்தச் சும்மா நிற்பவர்தான், “அங்கே கால் வைக்காதே” என்று சொல்லப்போகிறவர்.

4. பையில் இருக்க வேண்டியவை, ஆன செலவு

நீளக் கம்பியுள்ள டிஜிட்டல் வெப்பமானி 38 வெள்ளி. அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாள் 32 வெள்ளி. கிருமி நீக்கிய 50 மில்லிலிட்டர் மூடிக் குழாய்கள் 30 வெள்ளி. கையுறைப் பெட்டி 18 வெள்ளி. பிரமாணத்துக்கும் நகல்களுக்கும் 22 வெள்ளி. கடைசியில் மூன்று மாதிரிகளுக்கு டிஎன்ஏ வரிசை பார்க்கக் கொடுத்தது 240 வெள்ளி. ஆக மொத்தம் 380 வெள்ளி, பெட்ரோல் நீங்கலாக. ரப்பர் பூட்சை அண்ணனிடம் இரவல் வாங்கினேன். நீர் மொள்ள, நான்கடி மூங்கில் கழியின் முனையில் எவர்சில்வர் கரண்டியைக் கம்பியால் கட்டிக்கொண்டேன். கடைகளில் இதற்கென விற்கும் கருவியின் விலையைப் பார்த்தால் மூங்கிலின் அருமை தெரியும்.

குழாயின் மேல் எழுதும் பேனாவை நம்பாதீர்கள். ஆவி பட்டதும் மை வழிந்து, ஐந்து குழாயில் எது எந்த இடம் என்று தெரியாமல் நான் விழித்தது உண்டு. காகித ஒட்டுப்பட்டையில் பென்சிலால் எழுதி, அதே எண்ணை மூடியிலும் ஒட்டுங்கள்.

5. ஊற்றங்கரையில்

எங்கள் ஊற்றுக்கு ஐம்பதடி முன்னால் ஒரு முனியாண்டி சூலம் நட்டிருக்கிறது. அங்கே செருப்புடன் போகக் கூடாது. அதற்கு அப்பால் பூட்ஸ் இல்லாமல் போகக் கூடாது. கழற்றிக் கும்பிட்டுவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தோம். பூசாரித் தாத்தாவிடம் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்ததால் அவரும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். எங்கே மண் இளகும் என்பது எங்கள் வரைபடத்தில் இல்லை, அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆபத்துகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 60 பாகை நீர் ஐந்து விநாடியில் தோலைக் கடுமையாக வேக வைத்துவிடும். ஊற்று வாயில் அவ்வளவு நேரம்கூட ஆகாது. ஊற்றைச் சுற்றிய மண் மேலே காய்ந்தும் கீழே குழைந்தும் இருக்கும். கழியால் குத்திப் பார்த்த பிறகே அடியெடுத்து வையுங்கள். ஓடையின் வெதுவெதுப்பான பகுதியில் முகம் கழுவவோ மூக்கில் நீர் ஏறும்படி மூழ்கவோ வேண்டாம். நெக்லேரியா ஃபவுலெரி என்ற அமீபா 46 பாகை வரை வளரக்கூடியது; மூக்கு வழியாக மூளையை அடைந்தால் பிழைப்பது அரிது. சுற்றியுள்ள சேற்றில் மெலியோய்டோசிஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியா இருக்கலாம். நம் நாட்டு மண்ணில் அது சாதாரணமாகவே உண்டு, இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களை அது மோசமாகத் தாக்கும். எலிச்சிறுநீர் நோயும் அப்படித்தான், வெட்டுக்காயம் வழியாக ஏறும். கையில் காயம் உள்ளவர் அன்று எழுதும் வேலையைப் பார்க்கட்டும்.

இனி வேலை. முதலில் நீரை மொள்ளாமல், கால் மணி நேரம் நிறத்தைப் பாருங்கள். எங்கள் ஊற்றின் வாயில் நீர் கண்ணாடி போல் தெளிவாக இருந்தது, கல்லின் மேல் வெளுத்த படிவு மட்டும். வெப்பமானி 88 பாகை காட்டியது. அங்கிருந்து ஓடை இறங்கும் வழியில் ஆறடி தள்ளி, கல்லின் விளிம்பில் மெல்லிய பச்சைக் கோடு ஒன்று தொடங்கியது. கம்பியை அங்கே வைத்தால் 71 பாகை. அதற்குக் கீழே அது பாயாகத் தடித்து, ஓரங்களில் ஆரஞ்சு நிறம் கட்டி, 50 பாகைக்கு வரும்போது விரல் கனத்துக்கு வழவழப்பான கரும்பச்சைப் படலமாகியிருந்தது. இது தற்செயல் இல்லை. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் ஏறக்குறைய 73 பாகைக்கு மேல் வாழ்வதில்லை. ஆகவே பச்சை எங்கே நிற்கிறதோ அதுவே இயற்கை வரைந்து வைத்த வெப்பக் கோடு. பச்சை இல்லாத இடத்தில் உயிரே இல்லை என்று எண்ணித் தாண்டிவிடாதீர்கள். ஒளியை நம்பாத பாக்டீரியாக்கள் அந்த வெறுங்கல்லிலும் இருக்கும், கண்ணுக்கு நிறம் காட்டாது, அவ்வளவுதான். பூச்சிப்புழுக்களுக்கு 50 பாகையே எல்லை. பூஞ்சை, பாசி போன்ற உட்கரு உள்ள உயிர்கள் ஏறத்தாழ 60 பாகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருப்பது பாக்டீரியாக்களும், அவற்றைப் போலவே உட்கரு இல்லாத வேறு வகையான ஆர்க்கியாக்களும் மட்டும்.

எனவே குறைந்தது மூன்று இடங்களைக் குறியுங்கள்: ஊற்று வாய், பச்சை தொடங்கும் கோடு, பாய் தடித்த பகுதி. ஒவ்வொன்றிலும் நேரம், சூடு, பிஎச், ஆயத்தொலைவு, அளவுகோலோடு ஒரு படம் ஆகியவற்றைப் பதியுங்கள். பிஎச்சை அங்கேயே பார்த்துவிட வேண்டும். நீர் ஆறும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி எண் மாறிவிடும். ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து பார்த்த என் முதல் எண்களை எல்லாம் கிழித்துப் போட்டேன். மின்கருவி கொண்டுபோனால் அது வெப்பத் திருத்தம் உள்ளதா என்று பாருங்கள். 60 பாகையில் தூய நீரின் நடுநிலையே ஏறக்குறைய 6.5 என்பதையும் நினைவில் வையுங்கள். 7-ஐப் பார்த்தவுடன் ‘நடுநிலை’ என்று எழுதிவிடாதீர்கள்.

நீரில் மட்டும் தேடாதீர்கள். ஓடும் நீரில் உயிரணுக்கள் குறைவு. அடிப்படிவிலும் பாயிலும்தான் அவை மொய்த்துக் கிடக்கும். கிருமி நீக்கிய கரண்டியால் சுண்டைக்காய் அளவு பாயும், அடியிலுள்ள மணலும் எடுத்து, அதே இடத்து நீரில் போட்டு மூடுங்கள். குழாயில் பாதிதான் நிரப்ப வேண்டும். 60 பாகை நீரில் கரையும் உயிர்வளி, அறை வெப்ப நீரில் கரைவதில் பாதிக்குச் சற்றே மேல். விளிம்பு வரை நிரப்பி இறுக மூடினால் காற்று வேண்டும் வகைகள் வழியிலேயே மூச்சு முட்டிப் போகும்.

கடைசியாக ஒரு குழாயில், வீட்டிலிருந்து கொண்டுபோன கிருமி நீக்கிய நீரை அங்கேயே திறந்து ஊற்றி மூடுங்கள். இன்னொன்றில், ஊற்றிலிருந்து நூறடி தள்ளிச் செம்பனை மரத்தடி மண்ணைக் கொஞ்சம் எடுங்கள். இவை எதற்கு என்று 7-ஆம் படியில் சொல்கிறேன். என் இரண்டு வாய்மொழித் தேர்வாளர்களும் கேட்ட முதல் கேள்வி இவற்றைப் பற்றியதுதான்.

6. ஆய்வகம் வரை

பனிக்கட்டிப் பெட்டி வேண்டாம். டிஎன்ஏவை நேரடியாகப் பிரித்தெடுக்கப் போவதாக இருந்தால் அதற்கென ஒரு குழாயைத் தனியாகப் பனியில் வையுங்கள். வளர்க்கப்போகும் குழாய்களுக்குச் சூடு வேண்டும். அம்மா காட்டு வேலைக்குத் தேநீர் கொண்டுபோன பழைய சுடுநீர்க் குடுவையைத்தான் பயன்படுத்தினேன். மூன்று முறை கொதிநீர் ஊற்றிக் கழுவி, தேநீர் வாசனை போன பிறகு, ஊற்று நீராலேயே ஒருமுறை அலசி, மூடிய குழாய்களை உள்ளே நிறுத்தி, சுற்றிலும் ஊற்று நீரை ஊற்றினேன். நான்கு மணி நேரம் கழித்துத் திறந்தபோது 64 பாகை இருந்தது. பேருந்தில் போகிறவர்கள் குடுவையைப் பைக்குள் நிமிர்த்தி வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. தட்டு

வீட்டுச் சமையலறையில் இதைச் செய்யாதீர்கள். மேலே சொன்ன மெலியோய்டோசிஸ் ஒன்றே போதுமான காரணம்.

அகர் என்ற சொல்லே நம் ஊர் மலாய்ச் சொல்தான், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கலர் கலராக வெட்டி விற்கும் அதே அகர்-அகர். அது 85 பாகை வாக்கில்தான் உருகும் என்பதால் 60 பாகையில் தட்டு தாங்கும். ஆனால் தாங்குவது வேறு, ஈரமாக இருப்பது வேறு. வழக்கமான 1.5 விழுக்காட்டில் ஊற்றிய என் தட்டுகள் முதலில் நீர்விட்டுக் காலனிகளை (நுண்ணுயிர்த் திட்டுகளை) எல்லாம் ஒன்றாகக் கலக்கின; பிறகு இரண்டே நாளில் சுருண்டு விளிம்பை விட்டுப் பிரிந்தன. செய்ய வேண்டியது இது: அகரை 2.5 முதல் 3 விழுக்காடு ஆக்குங்கள், தட்டில் தடிப்பாக ஊற்றுங்கள், ஒரு இரவு உலர விடுங்கள். பிறகு கவிழ்த்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நனைத்த துணியோடு வைத்து, டப்பாவையே இன்குபேட்டருக்குள் (சூட்டை நிலையாக வைக்கும் பெட்டி) வையுங்கள். 70 பாகைக்கு மேல் போக வேண்டுமானால் அகரை விட்டுவிட்டு ஜெல்லான் பசையும் அதற்குத் தேவையான மெக்னீசிய உப்பும் வாங்க வேண்டும். அது விலை கூட. முதல் முறை செய்கிறவர்களுக்கு 60 பாகை போதும்.

சத்து அதிகமான ஊடகமே (நுண்ணுயிருக்கான உணவுக் கலவை) நல்லது என்று எண்ண வேண்டாம். ஊற்று நீர் மெலிந்த நீர். அதில் வாழ்பவற்றில் சில, கொழுத்த ஊடகத்தில் வளரவே வளராது. லிட்டருக்கு ஒரு கிராம் டிரிப்டோனும் ஒரு கிராம் ஈஸ்ட் சாறும் போட்ட மெலிந்த ஊடகத்தில் ஒரு தொகுதி, சாதாரண நியூட்ரியண்ட் அகரில் ஒரு தொகுதி என்று இரண்டும் ஊற்றுங்கள். நியூட்ரியண்ட் அகரில் மறுநாள் காலையிலேயே தட்டு முழுக்க வெளிறிய படலம் பரவியிருந்தால், வந்திருப்பது பெரும்பாலும் ஜியோபேசிலஸ் அல்லது அனாக்ஸிபேசிலஸ் வகை. சுங்கை கிளா, டுசுன் துவா ஊற்றுகளிலிருந்து அனாக்ஸிபேசிலஸ் ஏற்கெனவே பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. மெலிந்த ஊடகத்தில் இரண்டு மூன்று நாள் பொறுத்தால் சிறிய மஞ்சள் காலனிகள் தெரியலாம். தெர்மஸ் அப்படித்தான் வரும். அவசரக்காரர்களுக்கு அது கிடைப்பதில்லை.

இப்போது அந்த மரத்தடி மண்ணைப் பற்றி. ஜியோபேசிலஸ் வகைகள் அகவித்துகளை, அதாவது சூட்டையும் வறட்சியையும் தாங்கும் உறங்குநிலை வித்துகளை, உண்டாக்கும். அவை சாதாரணக் குளிர்ந்த மண்ணிலும் தூசியிலும் உறங்கிக் கிடக்கும். ஊற்றையே பார்த்திராத தோட்டத்து மண்ணைத் தட்டில் தடவி 60 பாகையில் வைத்தாலும் அழகாக வளரும், எனக்கு வளர்ந்தது. ஆகையால், ‘60 பாகையில் வளர்ந்தது, எனவே ஊற்றில் வாழ்ந்தது’ என்று முடிவு கட்ட முடியாது. மண் தட்டில் வந்ததைக் கழித்துவிட்டு, ஊற்றுத் தட்டில் மட்டும் வந்தவற்றைப் பற்றிப் பேசுங்கள். வெறும் நீர்த் தட்டில் எதுவும் வந்திருந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

இன்னொரு பொறி: பொது இன்குபேட்டர். நான் படித்த இடத்தில், வெள்ளி மாலை 60-இல் வைத்துவிட்டுப் போனதைத் திங்கள் காலை யாரோ 37-க்கு இறக்கியிருந்தார்கள். எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தேன், மலாயில் ஒட்டவில்லை. உங்கள் ஆய்வகத்தில் தனி இன்குபேட்டர் இல்லையென்றால், மீன் வைக்கும் தெர்மக்கோல் பெட்டியில் நீர் ஊற்றி, சமையலுக்கு விற்கும் தடி வடிவ நீர்ச்சூடாக்கியை அதில் பொருத்தி, தட்டு டப்பாவை மிதக்கவிடலாம். ஒரு வாரம் வரை ஒரு பாகைகூடப் பிசகாமல் ஓடியது. நீர் ஆவியாகக் குறையும். காலையும் மாலையும் சுடுநீர் சேர்க்க வேண்டும்.

8. பெயர் தெரிந்துகொள்ளுதல்

ஒரு காலனியை எடுத்துப் புதிய தட்டில் கோடிழுத்து, அதிலிருந்து ஒன்றை எடுத்து மறுபடி கோடிழுத்து, மூன்று முறை ஒரே தோற்றம் வந்த பிறகே தூய வளர்ப்பு என்று நம்புங்கள். பாக்டீரியாவை இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பாருங்கள். பிறகு பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசையைப் பார்க்கக் கொடுங்கள். சுமார் 1,500 எழுத்து நீளமுள்ள அதை இரு பக்கமிருந்தும் படிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் காசு மிச்சம், வரிசை பாதிதான். எனக்குப் பத்து வேலை நாளில் முடிவு வந்தது. வந்த வரிசையை தெரிந்த வரிசைகளோடு ஒப்பிடும் இலவசமான பிளாஸ்ட் தேடலில் இட்டு, 98.7 விழுக்காட்டுக்குக் கீழே ஒற்றுமை வந்தால் புதிய இனமாக இருக்கலாம் என்று உடனே குதிக்காமல், வரிசையின் ஓரங்களில் படிப்புப் பிழை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். என் ‘புதிய இனம்’ ஓரத்து நாற்பது எழுத்தை வெட்டியதும் பழைய இனமாகிவிட்டது.

தூய வளர்ப்பைக் கிளிசரால் கலந்து உறைநிலையில் வைக்க, மேற்பார்வையாளரிடம் முன்னதாகவே இடம் கேட்டு வையுங்கள். தட்டிலேயே விட்டுவைத்தால் அடுத்த பருவத்துக்கு இருக்காது.

9. கழிவும் கணக்கும்

சூட்டில் வாழ்கிறவற்றைச் சூட்டால் கொல்வது அவ்வளவு எளிதில்லை. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்கவே ஜியோபேசிலஸின் அகவித்துகளைத்தான் உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் தட்டில் வளர்த்திருப்பது அதே குடும்பம். 121 பாகையில் பதினைந்து நிமிடம் என்பது ஊடகத்துக்கான கணக்கு. பயன்படுத்திய தட்டுகளை நெருக்கி அடைக்காமல், பை வாயை இறுக்கிக் கட்டாமல், குறைந்தது முப்பது நிமிடம் வையுங்கள். கொதிநீரில் போட்டுவிட்டுக் குப்பையில் எறிந்தால் அகவித்து உயிரோடுதான் போகும்.

அனுமதியில் எழுதிய அளவும் உண்மையில் எடுத்த அளவும் பொருந்தும்படி ஒரு பட்டியல் எழுதி, அனுமதி தந்த ஒவ்வோர் இடத்துக்கும் ஆய்வேட்டின் நகலோடு அனுப்புங்கள். முழு ஆய்வேட்டைத் தோட்டத்தில் யாரும் படிக்கப் போவதில்லை என்பதால், ஒரு பக்க மலாய்ச் சுருக்கமும் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமும் பச்சைப் பாயின் படத்தோடு எழுதிக் கொடுத்தேன். இந்த நீர் முட்டி வலிக்கு நல்லதா என்று கிராணி ஐயா கேட்டார். அதைப் பற்றி என் ஆய்வில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் தமிழ்ப் பக்கத்தை ஆபீசுக்கு வெளியே பெரட்டுப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அடுத்த ஆண்டு என் இளைய தோழி அதே ஊற்றுக்கு விண்ணப்பித்தபோது தோட்டத்துக் கடிதம் நான்கு நாளில் வந்தது. மாநிலத்துக் காகிதத்துக்கு மட்டும் முன்போலவே ஒன்பது வாரம் காத்திருந்தாள்.